மறுமொழிகள்: 0

மூன்றாம் வாரம், வியாழக்கிழமை இரவு, பதினொன்றரை மணி இருக்கும். உளவியல் அறிமுகப் பாடத்தின் கலந்துரையாடல் பக்கத்தில், உடன் படிக்கும் ஒருவருடைய பதிவை வாசித்தேன். வாசித்துவிட்டு அடுத்த பதிவுக்குப் போய்விட்டேன். நடந்தது அவ்வளவுதான். இதில் எழுத என்ன இருக்கிறது என்று எனக்கே பல நாள் தோன்றியதுண்டு. ஆனாலும் அந்த இரவு தொண்டையில் சிக்கிய முள்ளைப் போல நின்றுவிட்டது. பாடம் முடிந்து, மதிப்பெண்ணும் வந்து, கல்லூரி அந்தப் பக்கத்தையே மூடப்போகிற இந்த நேரத்திலும் அது இறங்கவில்லை.

வேலை பார்த்துக்கொண்டே பட்டப்படிப்பு படிக்கிறவர்களுக்கு இணையவழிப் பாடம் எப்படிப் போகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. எட்டு வாரத்தில் பதினாறு அத்தியாயம். வுண்ட் என்பவர் 1879இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் உளவியலுக்கென்று ஆய்வகம் அமைத்த கதையைத் திங்களன்று தொடங்கினால், வெள்ளிக்குள் நரம்பணுக்களைத் தாண்டியிருக்க வேண்டும். மூச்சு வாங்கும் வேகம். இருந்தும் இந்தப் பாடத்தை நான் விரும்பிப் படித்தேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எபிங்ஹாஸ் என்கிற மனிதர் பொருளற்ற அசைகளைப் பட்டியல் பட்டியலாக மனப்பாடம் செய்து, எவ்வளவு விரைவாக மறக்கிறோம் என்று தன்னையே அளந்து பார்த்து, 1885இல் அதைப் புத்தகமாக வெளியிட்டார் என்று படித்த அன்று, வேலைக்குப் போகும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு போனேன். தன் மறதியைத் தானே இப்படி விடாமல் கணக்கெடுக்க ஒருவருக்கு எவ்வளவு நேர்மை வேண்டும்!

கலந்துரையாடலுக்கு ஒரு விதி இருந்தது. புதன் நள்ளிரவுக்குள் அந்த வாரத் தலைப்பில் 300 சொல்லுக்குக் குறையாமல் ஒரு பதிவு எழுத வேண்டும். ஞாயிறு நள்ளிரவுக்குள் மற்றவர்களின் பதிவுகளில் இரண்டுக்கு மறுமொழி எழுத வேண்டும். வகுப்பில் 34 பேர். யாரும் யாரையும் பார்த்ததில்லை. சிலர் படம்கூட வைத்திருக்கவில்லை. ஒரு வட்டத்துக்குள் பெயரின் முதலெழுத்து மட்டும் இருக்கும். இரண்டு மறுமொழி கட்டாயம் என்று வந்துவிட்டால், பதில் சொல்ல எளிதான பதிவைத்தான் கை தேடும். நமக்கும் நடந்த ஒன்றைச் சொல்லியிருப்பார்கள், அல்லது பாடநூலில் உள்ள ஒரு கருத்தைக் கொண்டுவந்து ஒட்டுவதற்கு இடம் இருக்கும். அப்படிப்பட்ட பதிவுகளின் கீழே பத்து, பன்னிரண்டு மறுமொழிகள் குவிந்துகிடக்கும். கனமான பதிவுகள் தனியாக நிற்கும். முதல் வாரமே இது என் கண்ணில் பட்டது. மதிப்பெண்ணுக்காக எழுதினால் இப்படித்தான் ஆகும் என்று நினைத்தேனே தவிர, அதற்கு மேல் யோசிக்கவில்லை.

மூன்றாம் வாரத் தலைப்பு உறக்கம். ஏழு நாள் எத்தனை மணிக்குப் படுத்தோம், எத்தனை மணிக்கு எழுந்தோம் என்று குறித்துவைத்து, அதை அத்தியாயத்தோடு பொருத்தி எழுத வேண்டும். பெரும்பாலானவர்கள் கைபேசியைக் குறை சொல்லியிருந்தார்கள். முதலில் சொன்ன அந்த உடன் படிக்கிறவருடைய பதிவில் ஓர் அட்டவணை இருந்தது. ஏழு நாள், ஏழு வரி. ஒரு நாள் மூன்று மணி நேரம், ஒரு நாள் இரண்டு, அதற்கு அடுத்த நாள் இரண்டே கால். எந்த வரியும் நான்கைத் தொடவில்லை. அதன் கீழே, உறக்கக் குறைவு கவனத்தை எப்படிப் பாதிக்கும் என்று பாடநூலை ஒட்டி ஒழுங்காக எழுதிய இரண்டு பத்திகள். கடைசியில் இரண்டு வரிகள் மட்டும் தனியாக நின்றன. எழுதிவைக்கத் தொடங்கிய பிறகுதான் எத்தனை மாதமாக இப்படி இருக்கிறேன் என்று தெரிகிறது. எதற்காக எழுந்திருக்கிறேன் என்று தெரியாமலேதான் தினமும் எழுந்திருக்கிறேன்.

இரண்டு முறை வாசித்தேன். வயிற்றுக்குள் ஏதோ இறுகியது. உடனே, ஆசிரியர் எல்லாப் பதிவையும் வாசிக்கிறவர், அவர் பார்த்துக்கொள்வார் என்று தோன்றியது. இத்தனை பேர் இருக்கிறோம், விவரம் தெரிந்த யாராவது எழுதுவார்கள் என்றும் தோன்றியது. நான் மருத்துவர் இல்லை, தவறாக எதையாவது சொல்லி அவரை மேலும் நோகடித்துவிட்டால் என்ன செய்வது என்கிற நினைப்புத்தான் கடைசியாக வந்தது. மற்றவற்றைவிட அதுதான் பொறுப்பானதாகத் தெரிந்தது. அதையே பிடித்துக்கொண்டேன். கனவுகளைப் பற்றி எழுதியிருந்த வேறு இருவருக்கு மறுமொழி எழுதினேன். விழிகள் வேகமாக அசையும் உறக்க நிலையை அசெரின்ஸ்கி, கிளைட்மன் என்ற ஆய்வாளர்கள் 1953இல் வெளியிட்டதைக் குறிப்பிட்டு, நன்றாகவே எழுதினேன். அந்த வாரக் கலந்துரையாடலுக்கு எனக்குப் பத்துக்குப் பத்து.

தனித்தனி அறைகள்

ஆறாம் வாரம் சமூக உளவியல். ஏதாவது ஓர் ஆய்வை எடுத்து, பாடநூலில் உள்ள சுருக்கத்தை விட்டுவிட்டு, மூலக் கட்டுரையையே வாசித்து எழுத வேண்டும் என்பது ஒப்படைப்பு. ஜான் டார்லியும் பிப் லட்டானேயும் 1968இல் எழுதிய கட்டுரையைத் தேர்ந்தெடுத்தேன். அது நீளம் குறைவு என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. ஆபத்தில் ஒருவர் இருக்கும்போது, சுற்றி ஆட்கள் கூடக் கூட ஒவ்வொருவரும் உதவும் வாய்ப்புக் குறைகிறது. இதைப் பார்வையாளர் விளைவு என்பார்கள். இது எல்லோருக்கும் தெரிந்த பாடம்தான். எனக்கும் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன்.

ஆய்வில் கலந்துகொண்டவர்கள் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் அறிமுக வகுப்பு மாணவர்கள், 72 பேர். வகுப்புத் தேவையின் ஒரு பகுதியாக வந்தவர்கள். ஒவ்வொருவரையும் ஒரு தனி அறையில் உட்காரவைத்து, காதில் ஒலிப்பானும் முன்னால் மைக்கும் கொடுத்தார்கள். கல்லூரி வாழ்க்கையில் வரும் சொந்தச் சிக்கல்களைப் பற்றி மாணவர்களோடு பேசப் போகிறீர்கள் என்றார்கள். முகம் பார்த்துப் பேசக் கூச்சமாக இருக்கும், அதனால்தான் தனி அறை என்றார்கள். ஆய்வை நடத்துகிறவர் இந்தப் பேச்சைக் கேட்கமாட்டார் என்றும் சொன்னார்கள். ஒருவர் பேசும் இரண்டு நிமிடம் அவருடைய மைக் மட்டும் திறந்திருக்கும். பிறகு அடுத்தவருடையது. நடுவில் யாரும் யாரோடும் பேச முடியாது. முதலில் ஓர் இளைஞரின் குரல் கேட்கும். புதிய நகரமும் படிப்பும் தனக்குச் சிரமமாக இருக்கின்றன என்று அவர் சொல்வார். பிறகு சற்றுத் தயங்கி, தேர்வு நெருங்கும்போது தனக்கு வலிப்பு வருவதுண்டு என்பார். மற்றவர்களும் தங்கள் முறைக்குப் பேசி முடிப்பார்கள். மீண்டும் அந்த இளைஞரின் முறை வரும்போது அவருடைய பேச்சு குழறத் தொடங்கும், மூச்சுத் திணறும், உதவி கேட்பார், அடங்கிப்போவார். உண்மையில் எல்லாம் ஒலிநாடா. அறைக்குள் இருப்பவர் எழுந்து போய் யாரிடமாவது சொல்கிறாரா, எத்தனை நொடியில் எழுகிறார் என்பதுதான் கணக்கு.

அந்த இளைஞரோடு தான் மட்டுமே இருப்பதாக நம்பியவர்களில் 85 சதவீதம் பேர், வலிப்பு அடங்குவதற்குள் எழுந்து போனார்கள். இன்னொருவரும் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று நம்பியவர்களில் 62 சதவீதம். இன்னும் நால்வர் கேட்கிறார்கள் என்று நம்பியவர்களில் 31.

இந்த எண்கள் பாடநூலிலும் உண்டு. தேர்வுக்கு நான் மனப்பாடம் செய்தும் இருந்தேன். பாடநூலில் இல்லாதது அந்த அறை. அதை வாசித்துக்கொண்டிருந்தபோது நான் இருந்ததும் ஒரு தனி அறை. எனக்கு முன்னால் இருந்த திரையில் ஒருவர் பேசி முடித்த பிறகுதான் அடுத்தவர் பேச முடியும். யார் கேட்கிறார்கள், யார் எழுந்து போனார்கள் என்று எனக்கும் தெரியாது. நானும் ஓர் அறிமுக வகுப்பு மாணவன், மதிப்பெண்ணுக்காக உட்கார்ந்திருப்பவன். எனக்கும் ஒரு குரல் கேட்டது. அது குழறவில்லை. அட்டவணை போட்டு, பாடநூலை மேற்கோள் காட்டி, கடைசி இரண்டு வரியில் மட்டும் உடைந்தது. ஐம்பது ஆண்டுக்கு முன்னால், மனிதர்களைத் தனித்தனியே அடைத்து, குரலை மட்டும் கம்பி வழியே அனுப்பினால் என்ன ஆகும் என்று பார்க்க ஆய்வகத்தில் சிரமப்பட்டு ஓர் ஏற்பாடு செய்தார்கள். இன்று அந்த ஏற்பாட்டுக்கே வகுப்பறை என்று பெயர் வைத்து, அதற்குள் உட்கார்ந்து, அந்த ஆய்வையே பாடமாகப் படிக்கிறோம்.

கட்டுரையில் ஒரு வாக்கியம் என்னை அசையவிடவில்லை. மூன்று நிமிடத்துக்குள் எழாத எவரும் அதற்குப் பிறகு எழவே இல்லை. ஆறு நிமிடம் வரை காத்திருந்து பார்த்திருக்கிறார்கள். அவர்கள் போகக்கூடாது என்று முடிவெடுத்தவர்களும் அல்லர். ஆய்வை நடத்தியவர் அறைக்குள் வந்தபோது அவர்களில் பலருக்குக் கை நடுங்கிக்கொண்டிருந்தது, உள்ளங்கை வியர்த்திருந்தது. அவருக்கு ஒன்றுமில்லையே, யாராவது கவனிக்கிறார்களா என்று அவர்களே கேட்டிருக்கிறார்கள். உதவாதவர்களைக் கல்நெஞ்சர்கள் என்று சொல்ல முடியாது. அவர்கள் இன்னும் முடிவெடுக்காமலே உட்கார்ந்திருந்தார்கள் என்பதுதான் ஆய்வாளர்களின் கருத்து. மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருந்ததால்தான் பேசாமல் இருந்தீர்களா என்று கேட்டதற்கு, அதற்கும் இதற்கும் தொடர்பில்லை என்றே அவர்கள் சொன்னார்கள்.

முதலில் இது ஆறுதலாக இருந்தது. என் வயிறும் இறுகியதே, நானும் கல்நெஞ்சன் இல்லையே என்று. சிறிது நேரத்தில் அந்த ஆறுதல் மேல் எனக்கே சந்தேகம் வந்தது. என் கை நடுங்குவது எனக்குத்தான் தெரியும். கம்பியின் மறுமுனையில் இருப்பவருக்கு அது எப்படிக் கேட்கும்?

தப்பிக்க ஒரு வழி

அன்றே அவருக்கு எழுதினேன் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. அது பொய். இரண்டு நாள் நான் வேறு ஒரு வேலை செய்தேன். அந்த ஆய்வைத் தவறு என்று காட்ட ஏதாவது கிடைக்குமா என்று தேடினேன். கிடைக்கவும் செய்தது. இந்த ஆராய்ச்சி முழுவதற்கும் தூண்டுதலாக இருந்தது 1964 மார்ச்சில் நியூயார்க்கில் கிட்டி ஜெனோவீஸ் கொலை செய்யப்பட்ட சம்பவம். 38 பேர் ஜன்னலோரம் நின்று வேடிக்கை பார்த்தார்கள் என்று அன்றைய பத்திரிகைச் செய்தி சொன்னது. எங்கள் பாடநூலும் அதை அப்படியே சொல்கிறது. 2007இல் மூன்று உளவியலாளர்கள் வழக்கு ஆவணங்களைப் பார்த்து, அந்தச் செய்திக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று எழுதினார்கள். பெரும்பாலானவர்கள் ஏதோ சத்தத்தைத்தான் கேட்டிருக்கிறார்கள். ஒருவர் ஜன்னலிலிருந்து கத்தியதும் தாக்கியவன் ஒருமுறை ஓடியிருக்கிறான். சோஃபியா ஃபாரர் என்ற அண்டை வீட்டுப் பெண், தனக்கு என்ன ஆகும் என்று பாராமல் படியிறங்கி ஓடி, ஜெனோவீஸைக் கையில் ஏந்தியிருந்திருக்கிறார். அந்தப் பெண்ணின் பெயர் எங்கள் பாடநூலில் இல்லை. வேடிக்கை பார்த்ததாகச் சொல்லப்பட்ட 38 பேருக்கு இடம் இருக்கிறது, ஓடிப் போனவருக்கு இல்லை. இது எனக்கு இன்றும் கோபம் தருகிறது.

இன்னொன்றும் கிடைத்தது. 2019இல் லங்காஸ்டர், ஆம்ஸ்டர்டாம், கேப் டவுன் ஆகிய மூன்று நகரங்களின் கண்காணிப்புக் கேமராப் பதிவுகளில் தெருச் சண்டைகள் 219ஐ எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். பத்தில் ஒன்பது சண்டைகளில் குறைந்தது ஒருவராவது குறுக்கே வந்து தடுத்திருக்கிறார். ஆட்கள் கூடக் கூட, யாராவது ஒருவர் உதவும் வாய்ப்பும் கூடியிருக்கிறது. அப்பாடா என்று இருந்தது. மனிதர்கள் அவ்வளவு மோசமில்லை. ஆகவே நானும் மோசமில்லை.

ஆனால் மனம் ஒரே ஒரு கேள்வியில் போய் இடித்தது. தெருவில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒருவர் காலெடுத்து வைத்ததும் இன்னொருவர் வந்தார். யாரும் வரவில்லை என்றால் அதுவும் கண்ணுக்குத் தெரிந்தது. 1968இன் அறைகளில் இருந்தவர்களுக்கு அது தெரிய வழியில்லை. யாரோ ஏற்கெனவே போயிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்ள முடிந்தது. என் நிலை அந்த அறைகளில் இருந்தவர்களின் நிலையைவிடவும் மோசம் என்று அப்போதுதான் புரிந்தது. யாரும் போகவில்லை என்பது எனக்கு எழுத்திலேயே எழுதிக் காட்டப்பட்டிருந்தது. பதிவின் அடியில், சாம்பல் நிறத்தில், சிறிய எழுத்தில் மறுமொழிகள்: 0 என்று இருந்தது. அதைப் பார்த்துவிட்டும்தான் நான் யாராவது எழுதுவார்கள் என்று நினைத்தேன்.

29 பேர்

வெள்ளிக்கிழமை இரவு மூன்றாம் வாரப் பக்கத்தைத் திறந்தேன். 22 நாள் ஆகியிருந்தது. அதே 0. மறுமொழி எழுதலாம் என்று பார்த்தால் பெட்டியே இல்லை; வாரம் முடிந்ததும் பாடத்தளம் அந்தப் பகுதியைப் பூட்டிவிடுகிறது. வாசிக்கலாம், எழுத முடியாது. அந்த 0 இனி மாறாது என்று தெரிந்தபோது எனக்கு வந்த உணர்வுக்குச் சரியான சொல் கிடைக்கவில்லை. நாற்காலியை விட்டு எழுந்து கொஞ்ச நேரம் நடந்தேன்.

தளத்தின் உள்ளஞ்சலில் எழுதினேன். முதலில் எழுதியது மருத்துவமனைச் சுவரில் ஒட்டும் அறிவிப்பைப் போல இருந்தது, அழித்தேன். இரண்டாவது முழுக்க என் குற்ற உணர்வைப் பற்றியதாக இருந்தது, அதையும் அழித்தேன். அவருடைய பாரத்தோடு என்னுடையதையும் சேர்த்து அவர் தலையில் ஏற்ற எனக்கு என்ன உரிமை? கடைசியில் ஐந்து வரி. உங்கள் உறக்க அட்டவணையை அன்றே வாசித்தேன். கடைசி இரண்டு வரியையும் வாசித்தேன். அப்போதே எழுதியிருக்க வேண்டும், எழுதவில்லை, மன்னியுங்கள். இப்போது எப்படி இருக்கிறீர்கள்? பேச வேண்டும் என்று தோன்றினால் நான் இருக்கிறேன். அதோடு ஆசிரியருக்கும் தனியாக ஒரு அஞ்சல் அனுப்பினேன்.

ஆசிரியரின் பதில் மறுநாள் காலையே வந்தது. பதிவு வந்த மறுநாளே அதை வாசித்து அவரோடு பேசிவிட்டதாகவும், கல்லூரியின் ஆலோசகரிடம் அவரைச் சேர்த்துவிட்டதாகவும், அதற்கு மேல் தன்னால் சொல்ல இயலாது என்றும் எழுதியிருந்தார். கேட்டதற்கு நன்றி என்றும் ஒரு வரி. ஆசிரியர் பார்த்துக்கொள்வார் என்று நான் அன்று நினைத்தது சரியாகவே இருந்திருக்கிறது. ஒரு பெரிய கல் இறங்கியது. அதோடு எல்லாம் முடிந்தது என்றும் நினைத்தேன்.

நான்கு நாள் கழித்து, அந்தப் பதிவை எழுதியவரே எனக்கு எழுதினார். ஆசிரியரின் தொலைபேசி அழைப்பு நல்ல நேரத்தில் வந்தது, ஆலோசகரிடம் போய்க்கொண்டிருக்கிறேன், இப்போது ஐந்து மணி நேரம் தூங்குகிறேன் என்று சொல்லியிருந்தார். பிறகு, வருத்தப்பட வேண்டாம் என்ற முன்னுரையோடு, ஒன்றைச் சொன்னார். பதிவு எழுதியவருக்கு மட்டும் பாடத்தளம் இன்னோர் எண்ணையும் காட்டுமாம்: எத்தனை பேர் வாசித்தார்கள் என்பது. அந்த வாரம் தூக்கம் வராத இரவுகளில் அவர் அந்தப் பக்கத்தைத் திறந்து திறந்து பார்த்திருக்கிறார். முதல் நாள் 11. அடுத்த நாள் 20. ஞாயிறன்று 29. மறுமொழி 0.

நான் வாசித்த ஆய்வுகள் எல்லாம் கேட்டவர்களைப் பற்றியவை. எத்தனை பேர் எழுந்தார்கள், எத்தனை நொடியில், கை நடுங்கியதா, உள்ளங்கை வியர்த்ததா. மறுமுனையில் இருந்தது ஒலிநாடா. ஒலிநாடாவிடம் யாரும் எதையும் கேட்க முடியாது. அதனால் எனக்கும் இத்தனை நாள் இது கேட்டவனின் பிரச்சினையாகவே இருந்தது: நான் ஏன் எழவில்லை, நான் நல்லவனா, என்னை எது தடுத்தது. எங்கள் பக்கத்து மௌனத்தை அந்தப் பக்கம் ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருக்கிறார் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. வகுப்பில் ஒரு சிலரைத் தவிர எல்லோரும் அவர் சொன்னதைக் கேட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். வியாழன் இரவு பதினொன்றரைக்கு ஏறிய எண் நான்.

இந்த விளைவைப் பற்றிப் படித்துவிட்டால் நாம் மாறிவிடுவோமா? அதையும் சோதித்திருக்கிறார்கள். 1978இல் பீமனும் அவருடைய சக ஆய்வாளர்களும், இதைப் பற்றி விரிவுரை கேட்ட மாணவர்களை இரண்டு வாரம் கழித்து, சொல்லாமல், உதவி தேவைப்படுவது போலத் தோன்றிய ஒருவரைக் கடந்து போகவைத்தார்கள். கேட்காதவர்களில் 25 சதவீதம் பேர் நின்று உதவினார்கள், கேட்டவர்களில் 43. பாடத்தை ஆதரிக்கிறவர்கள் இந்த எண்ணைப் பெருமையாகச் சொல்வார்கள், பெருமைப்படலாம்தான். எனக்கு மீதமுள்ள 57 மேல்தான் கண் போகிறது. தெரிந்தும் நடந்து போனவர்கள். தெரிந்திருப்பதை மட்டும் நம்பி என்னை நான் விட்டுவிட முடியாது என்று தோன்றியது.

அதனால் ஆசிரியருக்கு ஒரு யோசனை எழுதினேன். கட்டாயமான இரண்டு மறுமொழிகளில் ஒன்று, அதுவரை யாரும் மறுமொழி எழுதாத பதிவுக்கு இருக்க வேண்டும் என்று விதியை மாற்றலாமே என்று. அடுத்த முறை முயன்று பார்க்கிறேன் என்றார். ஆனால் அனுப்பிய பிறகு எனக்கே ஒரு தயக்கம். மதிப்பெண்ணுக்காக யாரோ வேண்டாவெறுப்பாக எழுதும் இரண்டு வரி, அந்த நிலையில் இருப்பவருக்கு ஒன்றும் இல்லாததைவிட மோசமாக இருக்காதா? அதைச் சொல்லக்கூடியவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். அவரிடமே கேட்டேன். பெயர் இல்லாமல் இதையெல்லாம் எழுதலாமா என்றும் கேட்டேன்.

எழுதுங்கள் என்றார். மற்றக் கேள்விக்கு அன்று மாலைதான் பதில் வந்தது. யாராவது "வாசித்தேன்" என்று ஒரே ஒரு சொல் போட்டிருந்தால்கூட, அன்றிரவு அந்தப் பக்கத்தை மூடிவிட்டுப் படுத்திருப்பேன் என்று எழுதியிருந்தார்.